நாள் பார்க்கும் யந்திரங்கள்

(ஒரு வாசகசாலை ஆண்டு விழாவில் பேசியதன் சாரம்)



எக்காரியத்துக்கும் நாள் பார்க்காதீர்கள் என்று சொல்லி வருகின்ற நாம், இன்று நாள் பார்க்கும் யந்திரங்களைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம்.

மின்சார நிலையத்திலும், தண்ணீர்ப் பம்பிலும், ரயில் கைகாட்டியிலும், ஆஸ்பத்திரிச் சாதனங்களிலும் நகத்தளவுச் சில்லுகள் புதைந்து கிடக்கின்றன. அவற்றில் பல, தேதியையும் மணியையும் தாமே எண்ணிக் கொண்டிருக்கின்றன. அந்தக் கணக்கை எழுதி வைத்தவன் மனிதன். அவன் தப்பாக எழுதியிருந்தால், அத்தப்பு யார் கண்ணிலும் படாமல் வருஷக்கணக்காய்த் தூங்கியிருந்து, ஒரு குறித்த நாளில் விழித்துக்கொள்ளும். அன்று ஒரு யந்திரம் மாத்திரமல்ல, அதே கணக்குள்ள யந்திரங்கள் அத்தனையும் சேர்ந்தாற்போல் நிற்கும்.

இது வெறும் பயமுறுத்தலா? நியூஜீலந்து தேசத்தின் தென்கோடியில், டிவாய் முனை என்னுமிடத்தில், அலுமினியம் உருக்கும் ஆலை ஒன்றுண்டு. 1996-ஆம் வருஷம் டிசம்பர் 31-ந் தேதி நள்ளிரவில் அவ்வாலையை நடத்தி வந்த 660 கம்ப்யூட்டர்களும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டன. காரணம் என்ன? அவ்வருஷத்துக்கு 366 நாள் என்பது அவற்றின் கணக்கில் இல்லை! இரண்டு மணி நேரங் கழித்து, டாஸ்மேனியாவில் நள்ளிரவானதும், அங்குள்ள ஆலையிலும் இதே கதிதான். டிவாயில் நஷ்டம் பத்து லட்சம் டாலருக்கு மேல். இதை எந்தக் கிரகத்தின் தலையில் போடுவது?

2000-ஆம் வருஷம் பிறந்தபோது பெருங்கேடு ஒன்றும் நேரவில்லை. ஆகவே அதற்குச் செய்த செலவெல்லாம் வீண் என்று சிலர் சொல்லுகின்றார்கள். அம்மை குத்திக்கொண்டவன், "எனக்குத்தான் வைசூரி வரவில்லையே, குத்தியது தண்டம்" என்பது போன்றதே இப்பேச்சு. வருஷத்தை இரண்டே இலக்கத்தில் எழுதிய பிழையை முன்கூட்டியே தேடித் திருத்தியதால் அல்லவா பிழைத்தோம்?

ஆனால் பாடம் மறந்துபோயிற்று. 2024 பிப்ரவரி 29-ந் தேதியன்று அதே நியூஜீலந்தில், ஆளில்லாத பெட்ரோல் பம்புகள் பல, பத்து மணி நேரத்துக்கு மேல் பணம் வாங்க மறுத்து நின்றன. மறுபடியும் லீப் வருஷந்தான்!

இனி அடுத்த கெடு 2038. 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணி வரும் முறையில், 32 பிட் அளவே இடம் ஒதுக்கப்பட்ட சாதனங்கள், 2038 ஜனவரி 19-ந் தேதி, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷத்துக்கு, மேற்கொண்டு எண்ண இடமின்றி 1901-ஆம் வருஷத்துக்குப் போய்விடும். புதுக் கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் திருத்திவிட்டார்கள். சுவருக்குள்ளும் பம்புக்குள்ளும் இருக்கும் பழஞ் சில்லை யார் திருத்துவது? பலவற்றைத் திருத்தவே முடியாது; மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே தோழர்களே! நம் வரிப்பணத்தில் யந்திரம் வாங்குகிறவர்களை மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தெந்தச் சாதனத்துக்குள் கடிகாரம் இருக்கின்றது என்று ஜாபிதா உண்டா? தேதியை முன்னே தள்ளி வைத்துச் சோதித்தீர்களா? அது நின்றால் கையால் நடத்த ஆளும் வழியும் உண்டா? பதில் இல்லையானால், அன்று நேரும் கேட்டுக்கு விதி என்று பெயரிடாதீர்கள்; அஜாக்கிரதை என்று சொல்லுங்கள்.