மருந்து குடித்தும் சுகமாகவில்லையா?



பிரட்டுக்களத்தில் யாரும் வாய்திறந்து பேசாத ஒரு சங்கதியை இன்றைக்கு நாங்கள் பேசப்போகிறோம். அதுதான் வெட்டை நோய். டாக்டர்மார் கொனோரியா என்பார்கள். உடலுறவால் தொற்றும் கிருமி நோய் இது. ஆண்களுக்குச் சிறுநீர் போகும்போது எரியும், சீழ் வரும். பெண்கள் பலருக்கு ஒன்றுமே தெரியாது. ஆனாலும் கிருமி உள்ளே இருந்து கருக்குழாயைக் கெடுத்து, பிள்ளைப் பாக்கியத்தை இல்லாமலாக்கலாம். பிரசவத்தில் குழந்தையின் கண்ணில் தொற்றினால் பார்வையே போகலாம்.

"மருந்து குடிச்சும் சொகமாகலியே" என்று சிலர் சொல்வதுண்டு. ஏன் அப்படி?

முதலாவது, புருஷன் மட்டும் மருந்து எடுத்து மனைவி எடுக்காவிட்டால் நோய் திரும்ப வரும். ஒரு லயத்துக் காம்பராவில் மூட்டைப்பூச்சிக்கு மருந்தடித்து, பக்கத்துக் காம்பராவை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அதே கதைதான்.

இரண்டாவது, வெட்கப்பட்டு பாமசியில் ஏதோ ஒரு மாத்திரை வாங்கிக் குடிப்பது. சிலருக்கு வெட்டையோடு கிளமிடியா என்ற கிருமியும் சேர்ந்திருக்கும். அதற்கு வேறு மருந்து வேண்டும்.

மூன்றாவது, கிருமி மருந்துக்கு அடங்காமல் போவது. ஒரு காலத்தில் பெனிசிலின் ஊசியே போதும். 1976இல் அந்தப் பெனிசிலினையே அழிக்கும் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. பின்னால் வந்த சிப்ரோஃப்ளொக்சசின் மாத்திரையும் பல நாடுகளில் பலனிழந்தது. இப்போது கைகொடுப்பது செஃப்ட்ரியாக்சோன் ஊசி. 2018இல் இங்கிலாந்தில் ஒருவருக்கு அதுவும் கேட்கவில்லை. வேறொரு மருந்தை நரம்பில் ஏற்றித்தான் குணமாக்கினார்கள்.

ஆகவே, சில நாளில் எரிச்சலும் சீழும் நிற்காவிட்டால் வீட்டில் இருக்காதீர்கள். திரும்பப் போங்கள். முன்பு குடித்த மாத்திரை உறையையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். சீழை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்து கேட்கும் என்று கண்டுபிடிக்க முடியும். கண்டி நகரத்திலேயே அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. காசு கிடையாது, துண்டும் தேவையில்லை, விஷயம் வெளியே போகாது. கர்ப்பிணித் தாய்மார் கிளினிக் போய் இரத்தம் சோதித்து மருந்து எடுத்ததால்தான், தாயிடமிருந்து பிள்ளைக்குக் கிரந்தி நோய் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

இன்னொன்று. "நீதான் கொண்டுவந்தாய்" என்று பொம்பளையை அடிப்பதும், தாய்வீட்டுக்கு அனுப்புவதும் நடக்கிறது. அறிகுறி இல்லாமலே நோய் இருக்கும் என்றோமே, அப்படியிருக்க முதலில் யாருக்கு வந்தது என்று எப்படிச் சொல்வது? சண்டையால் கிருமி சாகாது. இருவரும் சேர்ந்து போய் மருந்து எடுங்கள். இருவரும் எடுத்து ஏழு நாள் வரை உடலுறவு வேண்டாம். அதற்குப் பிறகும் ஆணுறை பாதுகாப்பு.

ஒரு நாள் பேர் போகுமே என்று பார்க்காதீர்கள். போனால் வராதது பிள்ளைப் பாக்கியமும், குழந்தையின் கண்ணும்.