ஒல்லிக் குழந்தையும் பருத்த உடலும்

(யூபிலி விழாவையொட்டி நடைபெற்ற தாய்மார் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு பாட்டியம்மாள் மூன்று வயதுப் பேரனைத் தூக்கிக்கொண்டு பங்கு வீட்டுக்கு வந்தார்கள். "சாமி, போன வருஷம் தொடையில மடிப்பு மடிப்பா சதை இருந்துச்சு. இப்ப வத்திப்போச்சு. கண்ணு பட்டுருச்சு போலருக்கு, செபிச்சு விடுங்க" என்றார்கள். செபித்தேன். பையனோ என் மேசையைச் சுற்றி ஓடி, மூன்றாம் சுற்றில் பூச்சாடியை உடைத்தான். அவனுக்கு நோய் ஒன்றுமில்லை. ஆனால் மறுநாள் முதல் அவனுக்குச் சர்க்கரை கொட்டிய பாலும் வேளைக்கு வேளை பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் இன்று இந்தப் பேச்சு.

குழந்தைக்கு முதல் ஆண்டில் கொழுப்புச் சேரும். ஓடியாடத் தொடங்கியதும் உயரம் கூடி உடல் மெலியும். ஏறத்தாழ ஐந்து, ஆறு வயதில் மறுபடி சதை பிடிக்கும். இது இயற்கையின் ஒழுங்கு. அந்த இரண்டாம் சதைப்பிடிப்பு முன்கூட்டியே வந்துவிட்டால் பின்னாளில் உடல் பருமனுக்கு இடமுண்டு என்று பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் 1984-இல் எடுத்துக்காட்டினார்கள்.

நம் நாட்டுச் செய்தி இதைவிடக் கவனிக்கத்தக்கது. 1969 முதல் 1973 வரை வேலூரிலும் அதையடுத்த கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் குறித்து வைத்தார்கள். டெல்லியிலும் அதே காலத்தில் அவ்வாறு செய்தார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டு கழித்து, வளர்ந்துவிட்ட அந்தக் குழந்தைகளைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். டெல்லியில் சோதித்த 1,492 பேரின் முடிவு 2004-இல் வெளிவந்தது. சர்க்கரை நோயோ அதற்கு முந்திய நிலையோ கண்டவர்கள், இரண்டு வயது வரை மற்றவர்களைவிட மெலிந்திருந்து, அதன்பின் பன்னிரண்டு வயது வரை வேகமாகச் சதை பிடித்தவர்கள். பன்னிரண்டு வயதிலும் அவர்களில் ஒருவர்கூடக் குண்டுப் பிள்ளை அல்ல! பார்த்தவர்கள், "இப்பத்தான் புள்ள தேறியிருக்கு" என்று மகிழ்ந்திருப்பார்கள். சிசுப் பருவத்தில் கூடும் எடை பெரிதும் தசையாகிறது, பிந்திய சிறுவயதில் கூடுவது கொழுப்பாகிறது என்பதும் அந்த டெல்லி ஆய்விலேயே தெரிந்தது.

புனே அருகே உள்ள கிராமங்களில் குழந்தைகளின் சராசரிப் பிறப்பு எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. நம் குழந்தையிடம் குறைந்திருந்தது தசைதான். தோலுக்கடியில் கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த தாயின் வயிற்றிலேயே இது தொடங்கிவிடுகிறது.

நான் பிறந்ததும் அதே ஆண்டுகளில்தான். என் தாயார் நிறைமாதத்திலும் நாற்று நட்டவர்கள். பள்ளிக்கூடத்தில் என் பட்டப்பெயர் "ஓணான்". சிறிய குருமடத்தில் சேர்ந்ததும் சோற்றுக்குக் குறைவில்லை. விடுமுறைக்கு வந்தால் ஊரார் கன்னத்தைக் கிள்ளிப் பாராட்டுவார்கள். இன்று காலை மாத்திரை, இரவு மாத்திரை. என் ஒருவனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. என்றாலும் வேலூர்ச் செய்தியைப் படித்தபோது என் பெயரைத் தேடினேன்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். அதே கணக்கெடுப்பில் நம் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். ஒரே வீட்டில் இரண்டையும் காண்கிறேன்.

ஆகவே, மருமகள் உண்டாயிருக்கும்போது அவள் தட்டைப் பாருங்கள். மீதியானதைக் கடைசியில் அவள் தின்னட்டும் என்ற வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அந்த வீடுகள் எவையென்று எனக்குத் தெரியும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். அதன்பின் தாய்ப்பாலோடு, கஞ்சித் தண்ணீர் அல்ல, பருப்பும் சோறும் குழையப் பிசைந்து, முட்டை, முள் நீக்கிய மீன், கீரை என்று கொடுங்கள். அதிராம்பட்டினத்து மீன் நம் தெருவுக்கே வருகிறதே! மூன்று வயதுக்காரன் மெலிந்தால் அங்கன்வாடியில் எடையோடு உயரத்தையும் அளந்து அட்டையைப் பாருங்கள். கோடு சரியாகப் போனால் அவனை ஓடவிடுங்கள். கோடு சரிந்தால் பிஸ்கட் கடைக்கல்ல, மருத்துவரிடம் போங்கள். மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் மிட்டாய் கொடுத்துவந்த பழி என்னையும் சேரும். இந்த ஞாயிறு முதல் வேர்க்கடலை.

நம் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெற்றோர் பெயர் உண்டு, ஞானப்பெற்றோர் பெயர் உண்டு. எடை எழுதக் கட்டமில்லை. ஆகவே பள்ளித் தாழ்வாரத்தில் தராசும் உயரமளக்கும் பலகையும் வைத்திருக்கிறோம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை முதலில் விடுங்கள். கூட்டம் கலைந்தபின் நானும் ஏறிப் பார்க்கிறேன்.