தோளா? மனமா?

டென்னிஸில் ஜெயிப்பது தோள்பலம்தான் என்றார் எதிரணி நண்பர். ஐயா, சர்வீஸில் பந்தை நாமே மேலே போட்டு நாமே அடிக்கிறோம். நடுவில் கெடுக்க ஆளே கிடையாது!

2001 விம்பிள்டன் இறுதிப் போட்டி. குரோஷியாவின் இவானிசெவிச், இடிமாதிரி சர்வீஸ். அதே மைதானத்தில் 1992, 1994, 1998 மூன்று இறுதி ஆட்டங்களிலும் தோற்றவர். ஐந்தாவது செட். ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை. இரண்டு சர்வீஸும் தப்பு! மறுபடி வாய்ப்பு, மறுபடியும் இரண்டும் தப்பு! தோள் அதே தோள்தானே, நடுங்கினது எது?

டி.வி. முன்னால் வேட்டி நுனியைக் கசக்கிக்கிட்டு நிக்கிறேன். "நீங்க உட்காருங்க, அவர் அடிச்சுக்குவார்" என்கிறாள் என் மனைவி! (சிரிப்பு)

மூன்றாவதும் போச்சு. நான்காவதில் முதல் சர்வீஸ் தப்பு. இரண்டாவதை ராஃப்டர் வலையில் அடித்தார். மனிதர் புல்தரையில் விழுந்து அழுதார். தோளா ஐயா அழுதது?