மூலம் சுட்டுதல்



பிறர் சொல்லை அப்படியே எடுத்துக்காட்டுவது மேற்கோள் என்றும், பிறர் கருத்தைத் தம் நடையில் சொல்வது எடுத்தாளுதல் என்றும் வழங்கப்படும். இவ்விரண்டிலும் அது யாரிடமிருந்து, எந்த நூலிலிருந்து பெறப்பட்டது என்று தெரிவிப்பதே மூலம் சுட்டுதல். சொற்களை மாற்றிவிட்டால் மூலம் சுட்ட வேண்டியதில்லை என்று கருதும் மாணவர் பலர். கருத்து பிறருடையதாக இருக்கும்வரை அக்கடமை தீர்வதில்லை.

இக்கடமைக்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ஸ்ரீபெரும்புதூரில் 1017ஆம் ஆண்டில் பிறந்தவர் என்று மரபு கொள்ளும் இராமானுசர், பிரம்ம சூத்திரத்துக்குத் தாம் வகுத்த ஸ்ரீபாஷ்யம் என்னும் பேருரையின் தொடக்கத்திலேயே, போதாயனர் விரிவாக இயற்றிய விருத்தியை, அதாவது சூத்திர விளக்கத்தை, முந்தைய ஆசிரியர்கள் சுருக்கித் தந்தனர் என்றும், அவர்கள் கொள்கையைப் பின்பற்றியே தம் உரை அமைகிறது என்றும் தெரிவித்துவிடுகிறார். விசிட்டாத்துவைதம் என்னும் வேதாந்தக் கொள்கையின் பேராசான் என்று உலகம் போற்றும் ஒருவர், தம் உரையைத் தம் கண்டுபிடிப்பு என்று உரிமை பாராட்டவில்லை. போதாயனரின் அந்த விருத்தி இன்று கிடைக்கவில்லை; ஸ்ரீபாஷ்யத்தில் ஆங்காங்கே எடுத்துக்காட்டப்பட்ட சில தொடர்களைக் கொண்டே அதன் போக்கை ஓரளவு ஊகிக்க முடிகிறது. எடுத்தாண்டவர் மூல ஆசிரியரின் பெயரைச் சொல்லாமல் விட்டிருந்தால், பின்வந்தோர்க்கு அந்த ஊகத்துக்குக்கூட வழி இருந்திருக்காது.

இன்றோ, பிறர் எழுத்தோடு 60 விழுக்காட்டுக்கு மேல் ஒத்திருக்கும் ஆய்வேட்டை அளித்த மாணவரின் பதிவையே ரத்து செய்யப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் வகை செய்கின்றன. பதிவு ரத்தாகும் என்ற அச்சம் கல்லூரி வாயிலோடு நின்றுவிடும்.

மூலம் சுட்டும் கடமையோ வேலையிடத்திலும் தொடரும். பட்டம் பெற்று இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் தொழிற்பேட்டைகளில் பணியேற்கவிருக்கும் மாணவர்கள் கையாளும் பொறியியல் டிராயிங் ஒவ்வொன்றின் மூலையிலும், வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் அளித்தவர் ஆகியோரின் பெயர்களுக்கும் ரிவிஷன் எண்ணுக்கும் இடம் இருப்பது, அளவு பிசகும்போது எங்கே திரும்பிப் பார்ப்பது என்று தெரிவதற்காகவே. ஆனால், சிறு மேம்பாடுகளை இடைவிடாமல் செய்யும் ஜப்பானிய முறையாகிய கைசனில் நிலைமை வேறு. உற்பத்தி லைனில் நாள் முழுதும் நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளி சொன்ன யோசனை, மேலாளர் முன் வைக்கப்படும்போது பொறியாளரின் யோசனையாக மாறிவிடுவதுண்டு. ஆய்வேட்டுத் திருட்டினும் இது இழிவானது, ஏனெனில் பறிகொடுத்தவர் முறையிடத் துணியமாட்டார், எந்த மென்பொருளும் அதைக் கண்டுபிடிக்காது. கைசன் படிவத்தில் யோசனை அளித்தவர் என்ற இடத்தை நிரப்பும் பொறுப்பு நாளை இம்மாணவர்களுக்கு வரும்போது, சொன்னவர் ஒப்பந்தத் தொழிலாளியாயினும் பயிற்சி பெறுபவராயினும் அவர் பெயரையே அங்கு எழுதுவார்களாக.