அம்மா, அப்பா, டேர், டீ, டாஸ்



ஜெர்மன் படிக்கத் தொடங்குகிற யாருக்கும் ஆரம்பப் பாடங்களிலேயே குடும்பம் வந்துவிடும். முட்டர் என்றால் அம்மா. ஃபாட்டர் என்றால் அப்பா. பிறகு ப்ரூடர், ஷ்வெஸ்டர். மதர், ஃபாதர், பிரதர், சிஸ்டர் தெரிந்தவர்களுக்கு இதில் என்ன கஷ்டம்? ஒரு சாயங்காலத்தில் மனப்பாடமாகிவிடும். பாடம் முடிந்தது என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். ஆனால் ஜெர்மன் இலக்கணத்தில் கடினம் என்று பேர் வாங்கிய சங்கதிகளில் முக்கால்வாசி இந்த வீட்டுப் பாடத்துக்குள்தான் இருக்கின்றன. வேற்றுமை, பால், வினையின் இடம், மரியாதைச் சொல், எல்லாமே. இந்தப் பாடத்தை ஆங்கிலத்தின் வழியாகப் படிக்காமல் தமிழிலிருந்து நேராகப் படித்தால் பாதிச் சுமை குறையும் என்பது என் கட்சி.

முதலில் உறவுமுறை. இங்கே நாம் பணக்காரர்கள். அவர்களிடம் சொல் குறைவு. அண்ணனும் ப்ரூடர், தம்பியும் ப்ரூடர். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமா, அத்தையின் கணவர் அத்தனை பேரும் ஓங்கெல். பெரியம்மா, சித்தி, அத்தை, மாமி எல்லாரும் டான்டெ. ஆனால் ஜெர்மன் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய ஜெர்மனில் அம்மாவின் சகோதரருக்கு ஓஹைம் என்று தனிச்சொல் இருந்தது; நம் தாய்மாமன் அவர்தான். அப்பாவின் சகோதரர் ஃபெட்டர். அம்மாவின் சகோதரி மூமெ, அப்பாவின் சகோதரி பாஸெ. நான்கு பேருக்கு நான்கு சொல். 17ஆம் நூற்றாண்டு தொடங்கி பிரெஞ்சு நாகரிகத்தின் மோகம் ஏற ஏற, ஓங்கெல், டான்டெ என்ற பிரெஞ்சுச் சொற்கள் உள்ளே வந்து இந்த நாலு பேரையும் இரண்டு பேராகச் சுருக்கிவிட்டன. ஃபெட்டர் என்ற சொல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, ஒன்றுவிட்ட சகோதரனைக் குறிக்கத் தொடங்கியது. நம் ஊரில் சித்தப்பாவும் மாமாவும் அங்கிளாகிக்கொண்டிருக்கிறார்களே, அந்தக் கதை ஐரோப்பாவில் முன்பே நடந்து முடிந்துவிட்டது.

அப்படியானால் ஒரு ஜெர்மானியரிடம் "இவர் என் தாய்மாமா" என்று எப்படிச் சொல்வது? என் அம்மாவின் சகோதரர் என்று விரித்துத்தான் சொல்ல வேண்டும். டேர் ப்ரூடர் மைனர் முட்டர். அம்மாச்சிக்கும் அப்பத்தாவுக்கும் வேறுபாடு காட்ட வேண்டுமென்றால், ஓமா என்று சொல்லி, முட்டர்லிஹர்ஸைட்ஸ், அதாவது தாய்வழி, என்று ஒரு வால் சேர்க்க வேண்டும். ஓமா பாட்டி, ஓப்பா தாத்தா. வீட்டில் கூப்பிடுகிற செல்லச் சொற்கள் இவை.

இன்னொரு பொறி. மைன் ஃப்ராய்ண்ட் என்று ஒரு பெண் சொன்னால், "என் நண்பர்" என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். காதலர் என்றுதான் பொருள் கொள்வார்கள். வெறும் நண்பர் என்றால் ஐன் ஃப்ராய்ண்ட் ஃபொன் மீர், என் நண்பர்களில் ஒருவர் என்று சொல்ல வேண்டும். அலுவலகத் தோழரை அறிமுகப்படுத்தும்போது இது தெரியாவிட்டால், வீட்டில் விளக்கம் சொல்லி மாளாது.

இப்போது வேற்றுமைக்கு வருவோம். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் மிரண்டு ஓடுகிற இடம். நமக்கு மிரள என்ன இருக்கிறது? தம்பி, தம்பியை, தம்பிக்கு, தம்பியோடு என்று பிறந்த நாளிலிருந்து உருபு போட்டுத்தான் பேசுகிறோம். அவர்களும் உருபு போடுகிறார்கள், ஆனால் பெரும்பாலும் பெயர்ச்சொல்லின் வாலில் அல்ல. அதற்கு முன்னால் வரும் சின்னச் சொல்லில். மைன் ப்ரூடர் என்றால் என் தம்பி. மைனென் ப்ரூடர் என்றால் என் தம்பியை. மைனெம் ப்ரூடர் என்றால் என் தம்பிக்கு. தம்பி மூன்றிலும் அப்படியே இருக்கிறான். 'என்' என்ற சொல்தான் மூன்று வேஷம் போடுகிறது. காதைத் தம்பியின் மேல் வைக்காமல் அவனுக்கு முன்னால் வரும் சொல்லின் மேல் வையுங்கள். இந்தப் பழக்கம் மட்டும் வந்துவிட்டால் வேற்றுமை அட்டவணையை மனப்பாடம் செய்கிற வேலை வெகுவாகக் குறையும்.

ஒரு இடத்தில் தமிழ் நம்மைத் தவறாகக் கூட்டிப்போகும், அதையும் சொல்லிவிட வேண்டும். "எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்" என்கிறோம். அங்கே 'எனக்கு' கிடையாது. இஷ் ஹாபெ ஐனென் ப்ரூடர்: நான் ஒரு தம்பியை வைத்திருக்கிறேன் என்கிற மாதிரியான அமைப்பு. தம்பி செயப்படுபொருள் ஆகிவிட்டதால்தான் அந்த ஐனென். தங்கையாக இருந்தால் ஐனெ ஷ்வெஸ்டர். பெண்பால் இங்கே உருமாறாது.

ஆனால் வேறு எத்தனையோ இடங்களில் நம் 'எனக்கு' அப்படியே அங்கே வந்து நிற்கிறது. எனக்குக் குளிருகிறது என்பதற்கு மீர் இஸ்ட் கல்ட். மீர் என்றால் எனக்கு. ஆங்கிலத்தை அப்படியே பெயர்த்து இஷ் பின் கல்ட் என்று சொன்னால், ஈரமில்லாத ஆள் என்று நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வதுபோல் ஆகிவிடும். சாப்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது, வீடு எனக்குப் பிடித்திருக்கிறது, இதற்கெல்லாம் மீர் போதும். தமிழில் நினைத்தவர் சரியாகச் சொல்வார். ஆங்கிலத்தில் நினைத்தவர் தடுமாறுவார்.

வீட்டுக்குள் நடமாடும்போதும் இதே கதைதான். இன் டேர் க்யூஷெ என்றால் சமையலறையில். இன் டீ க்யூஷெ என்றால் சமையலறைக்குள். ஒன்று இருக்கும் இடம், மற்றது போகும் இடம். இந்த மாதிரி இரண்டு பக்கமும் போகிற முன்னிடைச்சொற்கள் ஜெர்மனில் 9 இருக்கின்றன. நமக்கு 'இல்' என்றும் 'க்கு' என்றும் தனித்தனி உருபு இருப்பதால், எது இருப்பு எது இயக்கம் என்று யோசிக்கவே தேவையில்லை. ட்ஸூ ஹௌஸெ வீட்டில், நாஹ் ஹௌஸெ வீட்டுக்கு.

வாக்கியத்தின் கடைசியில் வினை வருவது இன்னொரு சொந்தம். குழந்தைக்கு உடம்பு சரியில்லாததால் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லும்போது, வைல் மைன் கிண்ட் க்ராங்க் இஸ்ட் என்று வினையைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். சமையலறையை ஒழுங்கு பண்ணுகிறேன் என்பதற்கு இஷ் ரொய்மெ டீ க்யூஷெ ஔஃப். ஔஃப்ரொய்மென் என்ற ஒரே வினை இரண்டாக உடைந்து, தலை வாக்கியத்தின் கடைசியில் போய் உட்கார்ந்துவிட்டது. அந்தக் கடைசித் துண்டு வரும்வரை காத்திருக்க வேண்டும். வினைமுற்று வரும்வரை பொறுமையாகக் கேட்டுப் பழகிய நமக்கு அது ஒரு சிரமமா?

சரி, தமிழ் கைகொடுக்காத இடம்? பால். சாப்பாட்டு மேஜையைப் பாருங்கள். கரண்டி ஆண்பால், டேர் லெஃபெல். முள்கரண்டி பெண்பால், டீ காபெல். கத்தி ஒன்றன்பால், டாஸ் மெஸ்ஸர். கரண்டி எங்கே என்று கேட்டால் "அவன் மேஜை மேல் இருக்கிறான்" என்கிற ரீதியில்தான் பதில் வரும். சிறுமியைக் குறிக்கும் மேட்ஷென்கூட ஒன்றன்பால்; ஷென் என்ற குறுமை விகுதி ஒட்டிய எதுவும் அப்படித்தான் ஆகும். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வைன் 1880இல் வந்த தன் பயணநூலின் பின்னிணைப்பில் இதையெல்லாம் கிண்டல் செய்தே ஒரு கட்டுரை எழுதினார். உயர்திணை, அஃறிணை என்று அழகாகப் பிரித்த நம் இலக்கணம் இங்கே செல்லாது. கரண்டியை லெஃபெல் என்று படிக்காதீர்கள், டேர் லெஃபெல் என்று படியுங்கள். சொல்லோடு பாலைச் சேர்த்தே வாயில் ஏற்றுவதைத் தவிர வேறு குறுக்கு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

மரியாதைச் சொல்லில் ஒரு ஆச்சரியம். நீ என்பதற்கு டூ, நீங்கள் என்பதற்கு ஸீ. இரண்டு சொல் இருப்பது நமக்குப் பழக்கம்தான். ஆனால் ஜெர்மன் வீட்டில் பேரன் தாத்தாவையும் டூ என்றுதான் அழைப்பான். ஸீ என்பது அந்நியருக்கு, அதிகாரிக்கு. குடும்பத்துக்குள் ஸீ போட்டால் அது மரியாதையாக இருக்காது, விலகலாக இருக்கும். மாமியார் மாதிரி புதிய உறவு என்றால், பெரியவர்தான் முதலில் "என்னை டூ என்றே கூப்பிடு" என்று சொல்ல வேண்டும். அதுவரை பொறுத்திருப்பது நல்லது.

வீட்டு வாழ்க்கைக்குச் சொல் மட்டும் போதாது, பழக்கமும் தெரிய வேண்டும். மூன்று அறை வீடு என்று விளம்பரம் செய்தால், கூடமும் அந்த மூன்றில் ஒன்று. சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. பல வாடகை வீடுகளில் சமையலறை என்ற பெயரில் வெறும் சுவரும் குழாயும்தான் இருக்கும். அடுப்பும் அலமாரியும் குடிவருகிறவர் பொறுப்பு. கல்ட்மீட்டெ, குளிர் வாடகை, என்றால் வீட்டு வாடகை மட்டும். வார்ம்மீட்டெ என்றால் வெப்பமூட்டும் செலவும் இதரச் செலவும் சேர்ந்தது. இரவு 10 மணிக்குமேல் சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சுவரில் துளை போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஸ்டுட்கார்ட் பக்கம் கேர்வொஹெ என்று ஒன்று உண்டு: மாடிப்படி பெருக்கும் முறை வாரம் வாரம் வீடு மாறும், முறை வந்தவர் கதவில் அட்டை தொங்கும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஆபென்ட்ப்ரோட், அதாவது மாலை ரொட்டி, என்று பெயர். அடுப்பு மூட்டாமல் ரொட்டி, பாலாடைக்கட்டி என்று முடித்துவிடுகிற வீடுகள் நிறைய. நம் நாக்குக்கு அது கொஞ்சம் அநியாயம்தான்.

இதையெல்லாம் வேடிக்கைக்காகப் படிக்கிறவர்கள் ஒரு பக்கம். கணவரோ மனைவியோ ஜெர்மனியில் இருக்க, அங்கே போய்ச் சேர விசா கேட்கிறவர்கள் இன்னொரு பக்கம். சில விலக்குகள் தவிர, 2007 முதல் அவர்கள் ஜெர்மன் மொழியில் ஏ1 என்ற தொடக்க நிலைத் தேர்ச்சியைக் காட்ட வேண்டும். 100க்கு 60 எடுத்தால் தேர்ச்சி. குடும்பத்தைப் பற்றி ஒரு பத்தியை அப்படியே உருப்போட்டுக்கொண்டு போகிறவர்கள் அதிகம். தேர்வாளர் நடுவில் வாஸ் மாஹ்ட் ஈரெ ஷ்வெஸ்டர் என்று கேட்டால் போதும், உருப்போட்டது கலைந்துவிடும். ஈரெ என்றால் அவளுடைய என்று படித்தவர், யாருடைய தங்கை என்று விழிப்பார். ஈரெ என்றால் உங்களுடைய என்றும் பொருள். உங்கள் தங்கை என்ன செய்கிறார் என்பதுதான் கேள்வி. எழுத்தில் பெரிய எழுத்தைப் பார்த்து வேறுபாடு அறியலாம். காதுக்கு இரண்டும் ஒன்றே. ஆகவே பத்தியை விடுங்கள். வீட்டில் ஒவ்வொருவரைப் பற்றியும் கேள்வியும் பதிலுமாகப் பேசிப் பழகுங்கள்.

அந்தத் தேர்வில் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்வார்கள். ஆங்கில ஒலியில் சொன்னால் பெயரே மாறிவிடும். நாம் ஈ என்று சொல்கிற ஆங்கில எழுத்தை அவர்கள் வேறோர் எழுத்தாக எழுதிக்கொள்வார்கள். ஜெர்மன் உயிரெழுத்துகள் ஐந்தையும் ஆ, ஏ, ஈ, ஓ, ஊ என்றுதான் சொல்ல வேண்டும். அத்தனையும் நம் நெடில்கள். மெய்களில் சிலவற்றைப் புதிதாகப் பழக வேண்டும். விஜயா என்ற பெயர் ஃபௌ, ஈ, யொட், ஆ, உப்ஸிலொன், ஆ என்று வரும். தேர்வுக்குப் போகிற நேயர்கள் இன்று இரவே தங்கள் பெயரையும் அப்பா பெயரையும் இப்படிச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் நம்மில் பலருக்கு அப்பா பெயர்தான் போகும். அங்கே கதவு மணிப் பலகையில் எழுதுவதும் அதைத்தான்.