பூங்கா இடத்தில் கீரைப் பாத்தி: கை தூக்கும் முன் மூன்று கேள்விகள்

(நம் சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் நகரின் பூங்கா இடத்தில் பொதுக் காய்கறித் தோட்டம் போடலாமா என்பது இன்றைய தீர்மானம். நீங்கள் கை தூக்கும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிய வேண்டும். இடம் யாருடையது? எதை வளர்ப்பது? தண்ணீர் எங்கிருந்து வரும்? இவற்றை யோசிக்காமல் விதை வாங்கினால் சித்திரை வெயிலில் தோட்டம் சருகாகிவிடும். மனக்கசப்புதான் மிஞ்சும்.

முதலில் இடம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில், சாலைகள் போக மீதிப் பரப்பில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். நம் பூங்கா இடமும் அப்படி ஒப்படைக்கப்பட்டதுதான். அது சங்கத்தின் சொத்து அல்ல. பராமரிக்க அனுமதி கேட்டு மனு கொடுக்கலாம். எழுத்தில் அனுமதி வந்த பிறகே மண்வெட்டியைத் தொட வேண்டும். வேலிக்குப் பூட்டுப் போட்டுச் சிலர் மட்டும் அனுபவிக்கும் பேச்சே கூடாது. பிள்ளைகள் விளையாடும் பகுதியிலும் கை வைக்கக் கூடாது.

அடுத்தது, எதை வளர்ப்பது? பலர் தக்காளி என்கிறீர்கள். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது யாருக்கும் மறக்கவில்லை. ஆனால் நம் பாலக்கோடு வட்டாரமே தக்காளிக்குப் பேர் போனது. விலை விழும்போது பறிப்புக் கூலிக்குக் கூடக் கட்டாமல் செடியிலேயே விட்டுவிடும் உழவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்க உழவர் சந்தை இருக்கிறது. தக்காளி, வெங்காயம், கத்தரியை அங்கே வாங்குவோம். உள்ளூர் உணவு என்றால் நாமே விளைவிப்பது மட்டுமல்ல, நம் மாவட்டத்து உழவரிடம் வாங்குவதும்தான்.

பறித்த சில மணி நேரத்தில் வாடிப்போகிறவற்றை நாம் வளர்ப்போம். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை, கறிவேப்பிலை, கொத்தமல்லி. வேலியோரம் முருங்கை, ஒரு பந்தலில் அவரையும் பீர்க்கும். சிறுகீரை ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறிப்புக்கு வந்துவிடும். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம்.1 செடிமுருங்கை ஒரு வருடத்துக்குள் காய்க்கும். ராகிக் களிக்குக் கீரைக் கடைசல் நம் ஊர்ச் சாப்பாடு. ராகியை உழவர் தரட்டும், கீரை நம் பாத்தியிலிருந்து வரட்டும்.

கியூபாவின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1991-ல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது அங்கே எரிபொருளும் உரமும் வருவது சுருங்கியது. ஹவானா நகர மக்கள் காலி மனைகளில் மேட்டுப் பாத்தி கட்டிக் காய்கறி வளர்த்து அங்கேயே விற்றார்கள். நகரத்துக்குப் பச்சைக் காய்கறி கிடைத்தது. ஆனால் தானியத்துக்கு அந்த நாடு இன்றும் பெருமளவு இறக்குமதியை நம்பியிருக்கிறது. நகரத் தோட்டத்தால் எது முடியும், எது முடியாது என்பதற்கு இது நல்ல பாடம்.

மூன்றாவது, தண்ணீர். நம் மாவட்டத்தில் இதுதான் பெரிய கேள்வி. நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெட்டதால்தான், ஜப்பானியக் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். அதில் ஒரு குடம் கூடப் பாத்திக்குப் போகக் கூடாது என்பதைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்கிறேன்.

அப்படியானால் வழி? ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். கோடையில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு ஐந்து லிட்டர் என்று கணக்கிட்டால், ஒரு சென்ட்டுக்கு 200 லிட்டர் வேண்டும். அரிசி, பருப்பு, காய்கறி கழுவும் நீர் ஒரு வீட்டில் 20 லிட்டர் சேரும் என்று வைத்துக்கொள்வோம். இருபது வீடு சேர்ந்தால் 400 லிட்டர். ஆக, இருபது வீட்டுக்கு இரண்டு சென்ட். அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். மண்ணின் மேல் சருகு மூடாக்குப் போட்டால் தேவை இன்னும் குறையும்.

சில எச்சரிக்கைகள். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரைத் தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பு ஏறும். துணி துவைத்த சோப்பு நீர் கீரைக்கு ஆகாது. குளித்த நீரைக் கல்வாழைப் பாத்தி வழியாக விட்டு, வாழைக்கும் முருங்கைக்கும் பாய்ச்சலாம். தெருமுனையில் வைக்கும் டிரம்முக்கு மூடி அவசியம். அன்றன்றே காலி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நாற்றமும் டெங்குக் கொசுவும்தான் வளரும்.

உரத்துக்கு நம் மக்கும் குப்பையே போதும். பிரித்துக் கொடுக்காத வீட்டுக் குப்பையை உரக்குழியில் சேர்க்க முடியாது.

அரூர் பக்கம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்டிலிங்கி இருக்கிறது. 1993-ல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே பழங்குடி மக்களுக்காக ஆரோக்கியப் பணியைத் தொடங்கினார்கள். நோய்க்கும் தட்டில் விழும் உணவுக்கும் உள்ள தொடர்பு அவர்களை வயலுக்கும் கொண்டுபோய் விட்டது. ஒரு சில உழவர்களோடு ஆரம்பித்த இயற்கை விவசாயச் சங்கத்தில் இன்று நூற்றுக்கணக்கானோர் இருக்கிறார்கள். சிறுதானியத்தைச் சேர்ந்தே விற்கிறார்கள். மானாவாரி மண்ணில் அவர்களால் முடிந்ததற்குக் காரணம் ஒற்றுமை. நமக்கு விதையைவிட முறை வைப்பதுதான் கடினம்.

அதனால் என் முன்மொழிவு இதுதான். ஓராண்டுச் சோதனை, இரண்டு சென்ட், இருபது வீடு. வாரம் ஒரு நாள் முறை வேலை. முடியாத பெரியவர்கள் நாற்றுக்கும் கணக்குக்கும் பொறுப்பு. பறிப்பில் முதல் பங்கு வேலை செய்த வீடுகளுக்கு, அடுத்தது அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கு, மீதி எல்லோருக்கும். இருபது வீடு சேராவிட்டால் தோட்டம் வேண்டாம். அந்த இடத்தில் வேப்பங்கன்று நட்டுவிட்டு, உழவர் சந்தைக்கு ஒன்றாகப் போய் வருவோம்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆடிக்கு முன் அனுமதிக் கடிதம் கைக்கு வர வேண்டும். கையெழுத்து நோட்டு செயலாளரின் மேசையில் இருக்கிறது. பெயர் எழுதும்போது பக்கத்தில், தினம் எத்தனை லிட்டர் தருவீர்கள் என்பதையும் எழுதுங்கள். வீட்டில் அளந்து பார்த்து எழுதுங்கள்.