பாலர் பள்ளி விட்டு வரும் பேரப்பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம்?

இங்கே அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிகளில் பலர் மாலை 4 மணிக்கு எழுந்துவிடுவீர்கள். பாலர் பள்ளி வாசலில் பேரப்பிள்ளை காத்திருக்கும். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வாசலிலேயே ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: "பிள்ளை கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டது?" முழுநாள் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்குப் பெரும்பாலும் அங்கேயே மாலைச் சிற்றுண்டி கிடைத்திருக்கும். அப்படியானால் வீட்டில் கொஞ்சம் பழமும் தண்ணீரும் போதும். அரைநாள் படித்துவிட்டு வந்து, தூங்கி எழுந்த பிள்ளைக்குப் பசி இருக்கும். அதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கலாம். எதுவானாலும் இரவுச் சாப்பாட்டுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். 6 மணிக்கு பிஸ்கட் தின்ற பிள்ளை 7 மணிக்குச் சோற்றைத் தொடாது. பிறகு, வேலை முடிந்து களைத்து வரும் மகளுக்கும் உங்களுக்கும்தான் மனத்தாங்கல்.

இதற்காகப் புதுச் சமையல் எதுவும் கற்க வேண்டியதில்லை. காலையில் அவித்த இட்லியில் ஒன்றைக் குளிர்பதனப் பெட்டியில் எடுத்து வையுங்கள். மாலையில் நன்றாகச் சூடாக்கி, ஆறவிட்டு, சிறு துண்டுகளாக்கித் தயிரோடு கொடுங்கள். சந்தையில் வாங்கும் இடியாப்பத்தோடு சர்க்கரை தருவார்கள். அதைத் தனியே வைத்துவிட்டு, பிசைந்த வாழைப்பழம் சேர்த்துப் பாருங்கள், இனிப்பு போதும். அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, நன்றாக வெந்த முட்டையில் பாதி, பப்பாளித் துண்டுகள், எல்லாமே பத்து, பதினைந்து நிமிட வேலைதான். உப்பும் காரமும் உங்கள் நாக்குக்குப் பிடித்த அளவில் வேண்டாம்.

வரும் வழியில் புளோக்கின் கீழே உள்ள மாமா கடையில் பிள்ளை பொட்டலப் பானம் கேட்கும். வாங்குமுன் பொட்டலத்தில் நியூட்ரி-கிரேட் அடையாளத்தைப் பாருங்கள். அதில் சர்க்கரை அளவும் விழுக்காட்டில் இருக்கும். 10 விழுக்காடு என்றால், 250 மில்லிலிட்டர் பொட்டலத்தில் 25 கிராம் சர்க்கரை. அது சுமார் 5 தேக்கரண்டி. உங்கள் தேநீரில் யாராவது அவ்வளவு போட்டால் சும்மா இருப்பீர்களா? பையில் ஒரு தண்ணீர்ப் புட்டி எடுத்துப் போங்கள்.

இனி நான் சொல்லப்போவதை மட்டும் வீட்டில் எல்லாரிடமும் சொல்லுங்கள். இந்த வயதில் மூச்சுக்குழாய் குறுகியது. அரைத்துத் தின்னும் கடைவாய்ப் பற்கள் முழுமையாக வந்திருக்காது. உருண்டையாகவோ, கடினமாகவோ, வழுக்கும்படியோ இருக்கும் உணவு தொண்டையை அடைத்துவிடும். திராட்சையை நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள். லோங்கான், ரம்புத்தான் என்றால் கொட்டையை நீக்கிச் சிறிதாக்குங்கள். மீன் உருண்டையையும் அப்படியே நறுக்க வேண்டும். கொண்டைக்கடலையைக் குழைய வேகவைத்து, தோல் நீக்கி மசியுங்கள். முறுக்கு, சோளப்பொரி, கடினமான மிட்டாய், சிறு கிண்ண ஜெல்லி ஆகியவை வேண்டாம். நாம் திரையரங்கு வாசலில் காகிதக் கூம்பில் வாங்கித் தின்ற கச்சாங் பூத்தே இருக்கிறதே, அதையும் ஆசையாக ஒன்றிரண்டு வாயில் போடாதீர்கள்.

பிள்ளையை உட்காரவைத்துக் கொடுங்கள், நீங்களும் பக்கத்தில் இருங்கள். விளையாட்டுத் திடலில் ஓடும் பிள்ளையின் பின்னால் கிண்ணத்தோடு போய் ஊட்டுவதை இன்றும் பார்க்கிறேன். தள்ளுவண்டியில் போகும்போதும் கொடுக்க வேண்டாம். எம்ஆர்டியில் எப்படியும் சாப்பிட அனுமதி இல்லை.

தொண்டையில் சிக்கிய பிள்ளை சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினால் உணவு இன்னும் உள்ளே போகலாம். பிள்ளைக்குக் குரலே வரவில்லை, முகம் நீலம் பாய்கிறது என்றால் உடனே முதலுதவி தொடங்குங்கள், பக்கத்தில் இருப்பவரை 995 அழைக்கச் சொல்லுங்கள். நீங்கள் மட்டும் இருந்தால், தொலைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டு அழையுங்கள். அந்த முதலுதவியைப் பேச்சில் கற்றுத்தர முடியாது. கையால் செய்து பழக வேண்டும். வகுப்புகள் எங்கே நடக்கின்றன என்று சமூக மன்றத்தில் கேளுங்கள், முடிந்தால் வீட்டுப் பணிப்பெண்ணையும் அழைத்துப் போங்கள்.

மணி மூன்றரை ஆகிறது. நேரம் இருப்பவர்கள் கேள்வி கேட்கலாம்.